அனுமதி கேட்டது, மறுக்கப்பட்டது

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. கண்ணாடிப் புட்டித் தொழிற்சாலையின் வாயிலில் காவல் வேலைக்குச் சேர்ந்த ஆறே மாதத்தில் அந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் மிஞ்சிப் போனது. மற்ற இடமெல்லாம் அவர் ‘முடியாது சார்’. சூட்டியவர்கள் லாரி ஓட்டுநர்கள். கேட்டுக்கு முன்னால் நின்று ஹாரன் அடித்தால் கூண்டுக்குள்ளிருந்து முதலில் தொப்பி வரும், அடுத்து மீசை வரும், மீசைக்குக் கீழேயிருந்து அந்த ஒரு சொல் வரும். சீட்டில் வண்டி எண் ஓர் எழுத்து பிசகியிருந்தால் முடியாது. கையெழுத்து கோட்டைத் தாண்டியிருந்தால் முடியாது. மழையா, வெயிலா, ஓட்டுநருக்கு வயிற்று வலியா என்பதற்கெல்லாம் அவருடைய பதிவேட்டில் பத்தி கிடையாது.

புதிதாக வந்த மேலாளரை முதல் நாளே திருப்பி அனுப்பியவர் அவர். அடையாள அட்டையை வீட்டில் மறந்துவிட்டு வந்த மேலாளர், “நான்தான்யா இனிமே உனக்கு முதலாளி மாதிரி” என்று குதித்தார். “இருக்கலாம் சார், ஆனா முடியாது சார்” என்றார் இவர். அட்டையோடு மேலாளர் திரும்பி வந்தபோது விறைப்பாக ஒரு வணக்கம் வைத்துக் கேட்டைத் திறந்தார். அந்த வருடக் கடைசியில் மேலாளரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த நற்சான்றிதழ் இன்னமும் கூடத்தில் தொங்குகிறது.

இது அவர் சொல்கிற கதை. அவர் சொல்லாத கதை ஒன்றும் உண்டு. ஒருநாள் கொட்டுகிற மழையில் அவர் மனைவி குடை கொண்டுவந்து கொடுத்தார். கூண்டுச் சன்னல் வழியாக, “யாரைப் பார்க்கணும்?” என்று கேட்டார் நம்முடைய ஆள். “உங்களத்தான்” என்றார் மனைவி. பெயர், உறவு, வந்த காரணம் எல்லாம் பதிவேட்டில் ஏறின. காரணம் என்ற பத்தியில் ‘குடை’ என்று எழுதியிருந்தது. குடை உள்ளே அனுமதிக்கப்பட்டது. கொண்டுவந்தவர் அனுமதிக்கப்படவில்லை. அவர் வீடுவரைக்கும் நனைந்துகொண்டே போனார்.

இப்படிப்பட்டவர் உலகத்தில் ஒரே ஒருவரிடம் மட்டும் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. அது அவருடைய பெரியக்கா. எட்டு வயது மூத்தவர், குரலில் எண்பது வயது மூத்தவர். வீட்டுக் கூடத்துத் திரைச்சீலையின் நிறம் பெரியக்கா சொன்னது. அலமாரி எந்தச் சுவரோரம் நிற்க வேண்டும் என்பதும் பெரியக்கா சொன்னது. பெற்ற மகளுக்குப் பெயர்கூடப் பெரியக்கா வைத்ததுதான். “சரிக்கா” என்பார் இவர், அவ்வளவுதான். “ஊருக்கெல்லாம் முடியாது, உங்க அக்காவுக்கு மட்டும் சரிக்கா” என்று மனைவி சொல்வதுண்டு. அதையும் உரக்கச் சொல்வதில்லை.

முப்பத்தொரு வருடம் கேட்டைக் காத்துவிட்டு ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்தவருக்குக் காப்பதற்கு ஒன்றுமில்லாமல் கை நமநமத்தது. நல்லவேளையாக, வெளியூரில் இருக்கும் மகள் தன்னுடைய பழைய கணினியை அனுப்பி வைத்தாள். பொருத்திக் கொடுத்த ஆள், “வீட்ல ஒருத்தர் பேர்லதான் முழு அதிகாரம் இருக்கணும் சார். புதுசா எதாவது உள்ள போடணும்னா அவரோட கடவுச்சொல் கேக்கும்” என்றார். அந்த நொடியே முடியாது சார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். வீட்டுக்குள்ளேயே ஒரு கேட், அதற்கு ஒரே ஒரு காவலர், வேறென்ன வேண்டும் அந்த மனிதருக்கு!

மனைவிக்கு வெறும் பயனர் கணக்கு. எதையாவது நிறுவ வேண்டுமென்றால் அவரைக் கூப்பிட வேண்டும். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்து, “அந்தப் பக்கம் திரும்பிக்க” என்பார். கட்டின மனைவியானாலும் கடவுச்சொல் கடவுச்சொல்தான். அவர் மனைவி சுவரில் தொங்கும் நற்சான்றிதழைப் பார்த்துக்கொண்டு நிற்பார். முப்பது வருடமாகப் பார்த்துப் பார்த்து அதிலுள்ள எழுத்துப் பிழை இரண்டும் அவருக்கு மனப்பாடம்.

அந்த அம்மாள் பள்ளி அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். கையில் எந்தக் காகிதம் கிடைத்தாலும் வாய்விட்டுப் படிக்கிற பழக்கம் அவருக்கு. மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் பொடி எழுத்துத் தாளைக்கூட அவர் படித்தால் நின்று கேட்கலாம். அத்தனை நிதானம், அத்தனை துலக்கம். பார்வையற்றோருக்கான ஒலி நூலகம் ஒன்று பாடநூல்களை வாசித்துப் பதிவு செய்யக் குரல்கள் தேடுகிறது என்று பார்த்து எழுதிப் போட்டார். எடுக்கப் போவது நாலே பேர். அறுபது வயது நிறைந்தவர்கள் எழுதிப் போடவே கூடாது. அவருக்கு வருகிற மாதம் அறுபது.

முதல் சுற்றில் தேறிவிட்டார். திங்கட்கிழமை மின்னஞ்சல் வந்தது. கடல் ஏற்றவற்றத்தைப் பற்றி மூன்று பக்கப் பாடம், அதை வீட்டிலிருந்தே வாசித்துப் பதிவு செய்து வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும். பதிவு செய்வதும் அனுப்புவதும் நூலகமே கொடுக்கிற ஒலிப்பதிவு மென்பொருள் வழியாகத்தான். “அத உள்ள போடறது அஞ்சு நிமிஷ வேல. வெள்ளிக்கிழம காலையில பாத்துக்கலாம்” என்றார் முடியாது சார். அவரும் நம்பினார், மனைவியும் நம்பினார்.

அந்த நான்கு நாளும் வீட்டில் கடல் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. பாத்திரம் கழுவும்போது நிலவு கடலை இழுத்தது. துணி மடிக்கும்போது கடல் பின்வாங்கியது.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு மனைவி இணைப்பைச் சொடுக்கினார். மென்பொருள் இறங்கியது. அதை இரட்டைச் சொடுக்குச் செய்ததும் திரை மங்கி ஒரு கட்டம் எழும்பியது. “என்னங்க, கடவுச்சொல் கேக்குது” என்று கூப்பிட்டுவிட்டு நற்சான்றிதழின் பக்கம் திரும்பிக்கொண்டார். முடியாது சார் வந்தார், உட்கார்ந்தார், கட்டத்தைப் படித்தார், கடவுச்சொல்லைத் தட்டினார், ஒரு பொத்தானை அழுத்தினார். திரை தெளிந்தது. கூடவே ஒரு வரி வந்தது: ‘நிறுவல் முழுமையடையவில்லை.’

“திரும்பப் போடு” என்றார். திரும்பப் போட்டார்கள். முழுமையடையவில்லை. மூன்றாம் முறையும் அதே வரி. “சரக்கே சரியில்ல” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு முடியாது சார் மேசை இழுப்பறையைத் திறந்து பழைய நோட்டுப் புத்தகம் ஒன்றை எடுத்தார். முறையாகச் செய்கிற எந்த வேலைக்கும் அவருக்குப் பதிவேடு வேண்டும். நேரம், நடந்தது, முடிவு என்று மூன்று பத்தி கோடு போட்டு, நடந்த மூன்றையும் நினைவிலிருந்து ஏற்றி, கீழே கையொப்பமும் வைத்தார்.

மணி பதினொன்றரைக்கு நூலகத்தின் உதவி எண்ணை அழைத்தார்கள். பேசிய பெண்ணுக்குப் பொறுமை மூட்டை மூட்டையாக இருந்தது.

“ஒரு தடவ அணைச்சுட்டுப் போடுங்க சார்.”

அணைத்துப் போட்டார்கள். முழுமையடையவில்லை.

“இறக்கின கோப்ப அழிச்சுட்டுத் திரும்ப இறக்குங்க சார்.”

அழித்து இறக்கினார்கள். முழுமையடையவில்லை.

“கணினியில தேதி, நேரம் சரியா இருக்கா?”

“என் வீட்ல நேரம் தப்பா இருக்குமாம்மா?” என்று முடியாது சார் கொஞ்சம் புண்பட்டார். தேதியும் நேரமும் நொடி சுத்தமாக இருந்தன.

“இடம் இருக்கா சார்? வட்டுல எவ்வளவு காலி?”

இடம் இருந்தது. அவர் சேர்த்து வைத்திருந்த பத்தொன்பது மல்யுத்தப் போட்டிகள் போகவும் தாராளமாக இருந்தது.

“அப்ப வைரஸ் தடுப்பு ஏதாவது குறுக்க நிக்கும் சார். அத அஞ்சு நிமிஷம் அணைச்சு வச்சுட்டு முயற்சி பண்ணுங்க.”

முடியாது சார் தொலைபேசியைக் காதிலிருந்து எடுத்து ஒரு முறை பார்த்துக்கொண்டார். “காவல அணைக்கச் சொல்றியாம்மா?”

“அஞ்சே நிமிஷம் சார்.”

“அஞ்சு நிமிஷம் கேட்டத் திறந்து போட்டா என்னென்ன நடக்கும்னு உனக்குத் தெரியாதும்மா. முடியாது.”

மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். முடியாது சார் சொல்ல வந்ததை மென்று விழுங்கிக்கொண்டே காவலை அணைத்தார். அணைத்திருந்த ஐந்து நிமிடமும் திரைக்கு முன்னால் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதிலும் இரண்டு முறை முயன்றார்கள். முழுமையடையவில்லை. உதவி மேசைப் பெண்ணுக்கு உணவு இடைவேளை வந்தது. இரண்டே முக்காலுக்குத் தானே அழைப்பதாகச் சொல்லி வைத்தாள்.

இடைவேளையில் எட்டாம் முறையும் ஒன்பதாம் முறையும் நடந்தன. மனைவி சாப்பிடவில்லை. மூன்று பக்கத்தையும் மடியில் வைத்துக்கொண்டு சன்னலோரம் உட்கார்ந்திருந்தார். வாய் அசைந்துகொண்டிருந்தது, சத்தம் வரவில்லை.

“இது இல்லன்னா வேற ஒண்ணு வரும்” என்றார் முடியாது சார், ஆறுதலாகத்தான்.

“இருபத்தாறு வருஷத்துக்கு முன்னாடியும் இதத்தான் சொன்னீங்க” என்றார் மனைவி.

அவருக்கு முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. பிறகு பிடிபட்டது. வானொலி நிலையத்திலிருந்து குரல் தேர்வுக்கு வரச் சொல்லி அப்போது ஒரு கடிதம் வந்தது. வேலை சாயங்கால நேரம். மனைவி அதை நீட்டியபோது இவர் சீருடைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார். ‘சாயங்காலம் குழந்தய யாரு பாத்துக்கறது? முடியாது. இது இல்லன்னா வேற ஒண்ணு வரும்’ என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பிப் போனார். மனைவி கடிதத்தை மடித்து எங்கோ வைத்தார். அன்றைக்குக் கேட்டில் எத்தனை வண்டி வந்தது என்று கேட்டால்கூட இவர் சொல்லிவிடுவார். அந்தக் கடிதத்தைத்தான் அடியோடு மறந்து போயிருந்தார்.

இரண்டே முக்காலுக்குச் சொன்னபடி அழைப்பு வந்தது. “சார், கடைசியா ஒண்ணு பாப்போம். நீங்க என்னென்ன பண்ணீங்க, அது என்னென்ன சொல்லுச்சு, ஒண்ணு விடாம வரிசையாச் சொல்லுங்க. எங்கயோ ஒரு படி தப்புது.”

“பதிவேடே இருக்கு” என்றார் முடியாது சார், நாள் முழுக்க இல்லாத பெருமையோடு. கண்ணாடி எங்கேயோ போயிருந்தது. “இந்தா, நீயே படி” என்று நோட்டை மனைவியிடம் கொடுத்தார்.

மனைவி தொலைபேசியை ஒலிபெருக்கியில் போட்டுவிட்டுப் படிக்கத் தொடங்கினார். குரல் நடுங்கவில்லை. நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, எடுக்க வேண்டிய இடத்தில் எடுத்துத்தான் படித்தார்.

“காலை பத்து மணி ஐந்து நிமிடம். மென்பொருள் வந்தது. அனுமதி கேட்டது. மறுக்கப்பட்டது. நிறுவல் முழுமையடையவில்லை. பத்து மணி பன்னிரண்டு நிமிடம். மென்பொருள் மீண்டும் வந்தது. அனுமதி கேட்டது. மறுக்கப்பட்டது. நிறுவல்…”

படித்துக்கொண்டே வந்தவர் நின்றார். அந்தப் பக்கம் உதவி மேசைப் பெண் மூச்சுவிடும் சத்தம் கேட்டது.

“அம்மா, அந்த வரிய இன்னொரு தடவ படிங்க” என்றாள்.

“அனுமதி கேட்டது. மறுக்கப்பட்டது.” மனைவி நோட்டின் மேல் விரலை ஓட்டிக் கீழே வரைக்கும் போனார். “ஒம்பது தடவ.”

“யாரு சார் மறுத்தது?”

“நான்தான்” என்றார் முடியாது சார். அவருக்கு இன்னமும் ஒன்றும் விளங்கவில்லை. “பின்ன? ‘தெரியாத வெளியீட்டாளர்’னு போட்டிருக்கு. அட்டையில்லாத ஆளு. ‘இந்தச் செயலி உங்கள் கணினியில் மாற்றங்கள் செய்ய அனுமதிக்கிறீர்களா’ன்னு கேக்குது. இல்லன்னு அழுத்தினேன். உள்ள வரட்டும், உக்காரட்டும், வந்த வேலையப் பாக்கட்டும். எதையும் மாத்தக் கூடாது. முப்பத்தொரு வருஷமா எல்லாருக்கும் அப்படித்தாம்மா சொல்லியிருக்கேன். அதுக்குத்தான கடவுச்சொல்லும் போட்டேன்?”

தொலைபேசியில் இருமல் மாதிரி ஒரு சத்தம் வந்தது. இருமல் இல்லை என்பது மூன்று பேருக்கும் தெரியும். “சார், அது ‘இல்ல’ன்னா உள்ளயே வராது சார். கேட்டோட திரும்பிப் போயிடும்.”

முடியாது சார் மனைவியைப் பார்த்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தார். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அந்த அம்மாள் நோட்டை மூடி மேசைமேல் வைத்துவிட்டு, “ஒம்பது தடவையும் என்னைய அந்தச் சான்றிதழப் பாக்க வச்சீங்க” என்றார். அதைச் சொல்லும்போது அவர் குரல் முதல் முறையாக நடுங்கியது.

முடியாது சாருக்கு மழையில் குடை கொண்டுவந்தவர் ஞாபகத்துக்கு வந்தார். வெட்கமாக இருந்தது, பெரிய வெட்கமாக இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து மென்பொருளை மறுபடியும் சொடுக்கினார். திரை மங்கியது, கட்டம் எழும்பியது. மனைவி பழக்கத்தில் சுவர்ப் பக்கம் திரும்பினார்.

“திரும்ப வேணாம். இங்க பாரு” என்றார் முடியாது சார். மனைவி பார்க்கப் பார்க்கக் கடவுச்சொல்லை ஓர் எழுத்து ஓர் எழுத்தாகத் தட்டினார். அது மனைவியின் பெயர்தான். பின்னால் அவர்கள் கல்யாணம் நடந்த வருடம். பிறகு ‘ஆம்’ என்பதை அழுத்தினார். பச்சைக் கோடு ஒன்று இடமிருந்து வலமாக நகர ஆரம்பித்தது.

கோடு முழுசாகிக் கடைசிப் பொத்தானும் வந்து முடியும்போது மணி மூன்றரை. ஒலிவாங்கியைச் சரிசெய்து பழகிக்கொள்ள இன்னும் இருபது நிமிடம். உதவி மேசைப் பெண் கடைசியாக எச்சரித்துவிட்டு வைத்தாள்: பாடம் பதினைந்து நிமிடம் ஓடும், பாதியில் நின்று ஒட்டுப் போட நேரம் இல்லை, வெளிச்சத்தம் அதிகமாக விழுந்தால் தேர்வுக் குழு எடுத்துக்கொள்ளாது.

வெளிச்சத்தம்! முடியாது சாரின் முதுகு தானாக நிமிர்ந்தது. “நீ உள்ள பாரு. வெளிய நான் இருக்கேன்” என்றார். சொல்லிவிட்டு மின்விசிறியை அணைத்தார், குழாயை இறுக்கினார், சுவர்க்கடிகாரத்தைக் கழற்றிப் போர்வைக்குள் சுருட்டி வைத்தார். கதவைச் சாத்திக்கொண்டு வாசலுக்கு வெளியே படிக்கட்டு ஓரம் வந்து நின்றார். தொப்பி ஒன்றுதான் குறை.

நாலு மணிக்கு மாடி வீட்டுக்காரர் சுவரில் ஆணியடிக்க ஆரம்பித்தார். இரண்டாவது அடி விழுவதற்குள் இவர் மாடியில் நின்றார். “எவ்வளவு நேரம் சார்?” என்று கேட்டார் மாடி வீட்டுக்காரர். “அஞ்சு மணி வரைக்கும் முடியாது” என்றார் இவர். சுத்தியல் கீழே இறங்கியது. நாலு ஐந்துக்குப் பொட்டலம் கொண்டுவந்தவர் அழைப்பு மணிக்குக் கை நீட்டினார். விரல் பொத்தானைத் தொடுவதற்குள் அந்தக் கை பிடிபட்டது. கையெழுத்துப் போட்டுப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, “நுனிக்கால்ல இறங்கிப் போங்க” என்று கிசுகிசுப்பாக அனுப்பி வைத்தார்.

நாலு பத்துக்குக் கீழே தெருக்கதவு திறந்தது. படியில் ஏறிவரும் செருப்புச் சத்தத்திலேயே அவருக்கு ஆளைத் தெரிந்துவிட்டது.

பெரியக்கா. இரண்டு கையிலும் பை, முகத்தில் மருமகளைப் பற்றி ஒரு வாரத்துச் சங்கதி.

“என்னடா, உன் வீட்டு வாசல்லயே காவலா? தள்ளு, கால் வலிக்குது.”

“அக்கா…” என்றார் முடியாது சார். “உள்ள… படிச்சுக்கிட்டிருக்கா. பதிவாகுது.”

“படிக்கட்டும். நான் என்ன அவ வாயப் பொத்தவா போறேன்? ஒரு ஓரமா உக்காந்து உங்கிட்ட பேசிட்டுப் போறேன். தள்ளுடா.”

பெரியக்கா ஒரு ஓரமாக உட்கார்ந்து பேசுவது எப்படியிருக்கும் என்பது அந்தத் தெருவுக்கே தெரியும். கதவுக்குப் பின்னால் மனைவியின் குரல் மெலிதாகக் கேட்டது. கடல் கரையை விட்டு இறங்கிக்கொண்டிருந்தது. பெரியக்காவின் கை கதவை நோக்கி வந்தது. முடியாது சார் குறுக்கே நகர்ந்தார். பெரியக்கா இடப்பக்கம் வந்தார், இவரும் இடப்பக்கம் வந்தார். அறுபத்து மூன்று வருடத்தில் நடக்காதது நடந்துகொண்டிருந்தது. வேர்த்துக் கொட்டியது. மெதுவாகச் சொல்லத்தான் நினைத்தார். ஆனால் அத்தனை வருடம் உள்ளேயே கிடந்த சொல் மெதுவாக வரவில்லை.

“முடியாதுக்கா!”

படிக்கட்டு முழுக்க அது எதிரொலித்தது. மேலே மாடி வீட்டுக்காரர் சுத்தியலைத் தவறவிட்ட சத்தம் கேட்டது. பெரியக்கா இரண்டு பையையும் ஒரு கைக்கு மாற்றிக்கொண்டார். “அஞ்சு மணிக்கு மேல வரேன்” என்று யாரோ சொல்வது மாதிரி சொல்லிவிட்டு இறங்கிப் போனார். முடியாது சார் சுவரில் சாய்ந்துகொண்டார்.

நாலரைக்குக் கதவு திறந்தது. மனைவியின் காதில் ஹெட்போன் இருந்தது. கண் ஓரம் ஈரமாக இருந்த மாதிரியும் இருந்தது.

“என் சத்தம் உள்ள விழுந்துச்சா?” என்று கேட்டார் முடியாது சார், குற்றவாளி போல.

“விழுந்துச்சு. வெட்டி எடுத்துட்டேன். அனுப்பப் போறேன், வாங்க.”

நாலு மணி நாற்பத்தாறுக்குப் பாடம் போய்ச் சேர்ந்தது. ‘பெறப்பட்டது’ என்று வந்த வரியை மனைவி வாய்விட்டு இரண்டு முறை படித்தார். ஐந்து மணிக்கு மேல் பெரியக்கா வரவில்லை. அடுத்த வாரம் வந்தார். வந்தவர், அழைப்பு மணியை அழுத்தாமல் கதவை விரலால் தட்டினார்.

பத்தாம் நாள் முடிவு வந்தது. நாலு பேரில் மனைவி ஒருவர். முதல் வேலையாக எட்டாம் வகுப்பு அறிவியல் புத்தகம் முழுசும் வந்து சேர்ந்தது. அன்றிலிருந்து தினமும் பிற்பகல் மூன்று முதல் ஐந்து வரை முடியாது சாருக்குப் படிக்கட்டில் வேலை. ஒரு நாள் விடுப்புக் கிடையாது. அந்த நேரத்தில் அந்தக் கட்டடத்தில் இப்போது எல்லாரும் தும்மக்கூட யோசிக்கிறார்கள்.

கணினியின் ஓரத்தில் மனைவி ஒரு துண்டுக் காகிதம் ஒட்டி வைத்திருந்தார். ‘என்ன கேட்டாலும் ஆம்’ என்று எழுதியிருந்தது. முடியாது சார் அதை அரசாணையாக எடுத்துக்கொண்டார். புதுப்பிக்கலாமா என்று கேட்டால் ஆம். மறுபடி தொடங்கலாமா என்றால் ஆம். கேட்டு முடிப்பதற்குள் ஆம்.

நான்கு மாதம் கழித்து ஒரு பிற்பகல். மனைவி சமையலறையில் தொண்டைக்கு வெந்நீர் வைத்துக்கொண்டிருந்தார். முடியாது சார் மென்பொருளைத் திறந்து தயாராக வைக்க உட்கார்ந்தார். திரையில் கட்டம் ஒன்று வந்தது. ‘வட்டில் இடம் போதவில்லை. பின்வரும் பழைய மூலப் பதிவுகளை அழிக்கலாமா?’ கீழே ஆம், இல்லை. விரல் வழக்கம்போல ஆமுக்குப் போனது. போகிற வழியில் கண் பட்டியலில் விழுந்தது. ‘சோதனை ஒன்று’, ‘சோதனை இரண்டு’, மூன்றாவதாக ‘முடியாது’.

இந்தப் பட்டியலில் என் பெயர் எப்படி வந்தது என்று அவருக்கு ஆச்சரியம். பெயர் தெரிந்த ஆசாமியானாலும் சோதித்துப் பார்க்காமல் வெளியே அனுப்பி அவருக்குப் பழக்கமில்லை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு அதைத் திறந்தார்.

கடல் ஏற்றவற்றம். மனைவியின் குரல். நிலவு இழுக்கிறது, கடல் கரையை விட்டு இறங்குகிறது. அதன் நடுவில் தூரத்திலிருந்து, கதவைத் தாண்டி ஒரு முரட்டுக் குரல்: “முடியாதுக்கா!” வாசிப்பு நின்றது. இரண்டு நொடி ஒன்றுமில்லை. பிறகு ஒரு சிரிப்பு. முதலில் கையால் பொத்திக்கொண்ட சிரிப்பு, அப்புறம் விரல் இடுக்கில் கசிந்த சிரிப்பு, அப்புறம் அடக்க முடியாமல் கண்ணீர் வரும்வரைக்கும் சிரித்த சிரிப்பு. பெரியக்காவைக் கல்யாணத்தன்று முதன்முதலாகப் பார்த்ததிலிருந்து சேர்த்து வைத்திருந்தது மாதிரி அந்த அம்மாள் சிரித்துக்கொண்டேயிருந்தார். கடைசியில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, விட்ட வரியைத் திரும்பப் பிடித்தார்.

முப்பத்தேழு வருடம் கூடவே இருந்தும் மனைவி அப்படிச் சிரித்து முடியாது சார் கேட்டதில்லை. மறுபடியும் போட்டுக் கேட்டார். இன்னொரு தடவையும் கேட்டார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

கட்டம் இன்னும் காத்துக்கொண்டிருந்தது. அவர் ‘இல்லை’யை அழுத்தினார். ‘இடம் இல்லாமல் புதிய பதிவு செய்ய இயலாது. அழிக்கலாமா?’ என்று அது திரும்பக் கேட்டது. இல்லை. பத்தொன்பது மல்யுத்தப் போட்டிகளையும் ஒரேயடியாகத் தேர்ந்தெடுத்து வெளியே அனுப்பினார். இடம் தாராளமாகக் கிடைத்தது.

“என்னங்க, என்ன கேக்குது அது?” என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

“இடம் கேட்டுச்சு. குடுத்துட்டேன்” என்றார். பிறகு, “ஒண்ண மட்டும் அழிக்கவான்னுச்சு. முடியாதுன்னுட்டேன்” என்றார்.

எதை என்று மனைவி கேட்கவில்லை. அடுப்பை அணைக்கிற சத்தம் மட்டும் வந்தது. முடியாது சார் மேசை இழுப்பறையிலிருந்து பழைய நோட்டை எடுத்தார். அந்த ஒன்பது வரிக்குக் கீழே பத்தாவதாக எழுதினார்: ‘பிற்பகல் 2.50. அழிக்க அனுமதி கேட்டது. மறுக்கப்பட்டது.’ கையொப்பமிட்டுவிட்டு, மூன்று மணி வேலைக்குப் படிக்கட்டுக்குப் போனார்.